இத்தா வீட்டுக்குப் போன கம்பனிச் சட்டத்தரணி

"மெடம், கோட்டுக்குப் போகாதவளையும் லோயர் எண்டு சொல்லலாமா?"

கற்பிட்டிப் பக்கம் காற்றாலை கட்டும் கம்பனி ஒன்றில் சட்ட உத்தியோகத்தராகச் சேர்ந்திருக்கும் பிள்ளை ஒருத்தி, போன மாதம் முந்தலில் என் வீட்டுக்கு வந்து இப்படிக் கேட்டாள். அவளோடு படித்தவர்கள் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு சிலாபத்திலும் புத்தளத்திலும் நீதவான் முன்னால் நின்று பேசுகிறார்களாம். இவள் குளிரூட்டிய அறையில் கதிரையில் இருந்து உடன்படிக்கை வாசிக்கிறாளாம். போதாக்குறைக்கு அந்த உடன்படிக்கையையும் இப்போது கணினியே எழுதித் தருகிறது. பிழை இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்கிறாராம் மேலதிகாரி. பிள்ளையின் முகம் சுண்டிப்போயிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் இறால் பண்ணைக் கம்பனியில் சேர்ந்த புதிதில் உடப்பில் என் மாமா கேட்டதும் இதைத்தான். "கோட்டுக்குப் போகாத அப்புக்காத்தும் கடலுக்குப் போகாத தண்டையலும் ஒண்டுதான்டி" என்றார். தோணியை நடத்துகிறவன் கரையில் குந்தியிருந்தால் அவனைத் தண்டையல் என்று யார் மதிப்பார் என்பது அவருடைய நியாயம். கல்யாண வீடுகளில் என்னைக் காணும்போதெல்லாம் அந்தப் பகிடியை விடமாட்டார்.

பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடுத்து ஏதோ பதில் சொல்லி அனுப்பினேன். சொன்ன பதில் எனக்கே பிடிக்கவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உடப்பில் கரைவலைக் குடும்பம். கொழும்பில் சட்டம் படித்தேன். சிலாபத்தில் ஒரு மூத்த சட்டத்தரணியிடம் சில வருடங்கள் கோப்புத் தூக்கினேன். திருமணம், பிள்ளைகள், யுத்த காலத்துச் சோதனைச் சாவடிகள் என்று நாட்கள் போயின. மாதச் சம்பளம் வரும் வேலை ஒன்று தேவைப்பட்டது, கம்பனியில் சேர்ந்தேன். வேறு இலட்சியக் கதை எதுவும் கிடையாது.

கம்பனிச் சட்டத்தரணியின் வேலையில் முக்கால்வாசி, வழக்கு வராமல் பார்ப்பது. வராத வழக்கை யாரும் காண்பதில்லை, ஆகவே யாரும் கைதட்டுவதும் இல்லை. இறால் தீனி விற்கிறவனோடு உடன்படிக்கை எழுத வேண்டும். குளம் வெட்டக் காணி குத்தகைக்கு எடுத்தால், அந்தக் காணியின் உறுதி எத்தனை கை மாறி வந்தது என்று பார்க்க வேண்டும். அனுமதிப்பத்திரங்கள் காலாவதியாகும் முன் புதுப்பிக்க வேண்டும். வேலையாளை நிற்பாட்டும் கடிதத்திலிருந்து முகாமையாளரின் கோபத்தை எடுத்துவிட்டுக் காரணத்தை மட்டும் வைக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையில் நான் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்திருந்தேன்.

எனக்கு மேலே இருந்தவர் அன்ரன் சேர், கொழும்புத் தலைமைக் காரியாலயத்தில் சட்டப் பிரிவின் தலைவர். சிலாபத்துக்காரர், ஆனால் சிலாபத்துக் கலகலப்பு அவரிடம் மருந்துக்கும் கிடையாது. ஓர் ஒப்பந்தத்தைக் கொடுத்தால் கடைசிப் பக்கத்தில் தொடங்கி முதல் பக்கத்துக்கு வாசித்துக்கொண்டு வருவார். "சேருற சந்தோஷமெல்லாம் முன்பக்கத்தில எழுதியிருக்கும். பிரியிற விதம் பின்பக்கத்தில இருக்கும். எனக்கு அதுதான் வேணும்" என்பார். எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுவார். 'செய்யக் கூடாது' என்று அவர் எழுதி நான் கண்டதே இல்லை. 'செய்தால் இன்னது நடக்கும்' என்றுதான் எழுதுவார். பணிப்பாளர்களுக்கு அந்த நடை பிடித்திருந்தது, எனக்கு அது கோழைத்தனமாகப் பட்டது. ஒருவருக்கு ஏமாற்றமான பதில் சொல்லப் போகிறார் என்றால் முதலில் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். எதிரில் இருப்பவரின் முகம் மங்கலாகத் தெரியட்டும் என்று செய்கிறார் என நாங்கள் இளையவர்கள் நையாண்டி பண்ணுவோம்.

அவர் விட்டுக்கொடுக்காத ஒரு நடைமுறை இருந்தது. கம்பனிக்குள் எந்த விசாரணை நடந்தாலும், ஒருவரிடம் வாக்குமூலம் எடுக்க உட்கார்ந்ததும் நாங்கள் முதலில் சொல்ல வேண்டியது இது: "நான் கம்பனியின் சட்டத்தரணி. உங்களுடைய சட்டத்தரணி இல்லை. நீங்கள் எனக்குச் சொல்வது கம்பனிக்குச் சொந்தம்; அதை வெளியில் சொல்லும் உரிமையும் மறைக்கும் உரிமையும் கம்பனிக்குத்தான்." அதோடு விடக் கூடாது. கேட்டவர் அதைத் தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் போதாது. "எங்கட சனம் டொக்டருக்கும் லோயருக்கும் விளங்காட்டியும் தலையாட்டும்" என்பார் அன்ரன் சேர். திருப்பிச் சொன்ன பிறகுதான் பேனாவின் மூடியைத் திறக்கலாம்.

ஆரம்பத்தில் இது எனக்கு எரிச்சலாக இருந்தது. காவலாளியிடமும் களஞ்சியக்காரரிடமும் இதைச் சொல்லும்போது அவர்களுடைய முகம் மாறும். ஒரே பஸ்ஸில் வேலைக்கு வருகிறவர்கள், என்னை 'எங்கட மிஸ்' என்பவர்கள். 'நான் உங்களுடைய ஆள் இல்லை' என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்வது நன்றாகவா இருக்கும்? ஆனால் போகப்போக எனக்கு ஒன்று விளங்கியது. சிரித்த முகத்தோடு பேசவிட்டு, பிறகு அதே பேச்சை வைத்து வேலையை விட்டு நிற்பாட்டுவது அதைவிடப் பெரிய அநியாயம்.

நான் சொல்ல வந்த சம்பவம் யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு நடந்தது. பாதைகள் திறந்து, வெளிநாட்டு வாங்குநர்கள் பண்ணைகளை நேரில் வந்து பார்க்கத் தொடங்கியிருந்த காலம். எங்கள் பண்ணையில் நிலாம் என்று ஒரு வேலையாள் இருந்தார். மன்னாரிலிருந்து தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து விரட்டப்பட்டு, சிறுபிள்ளையாகப் புத்தளத்துக்கு வந்து, இங்கேயே வளர்ந்து கல்யாணம் முடித்தவர். ஒருநாள் விடியும் நேரம், குளத்துக்குள் மின்சாரம் தாக்கி அவர் இறந்துபோனார்.

இறால் குளத்தில் தண்ணீரைச் சுழற்றிக் காற்றுக் கலக்கும் சக்கரங்கள் ஓடிக்கொண்டிருக்கும். விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் காற்று மிகவும் குறையும். அப்போது சக்கரம் நின்றால் இறால் மொத்தமாகச் செத்து மிதக்கும். அன்று ஒரு சக்கரத்தில் பாசி சுற்றி அது இறுகி நின்றுவிட்டது. நிலாம் அதை எடுக்கத் தண்ணீருக்குள் இறங்கினார். மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்கவில்லை.

மரண விசாரணையில் மின்சாரம் தாக்கிய மரணம் என்று முடிவாகியது. அவர் ஏன் அந்த நேரம் குளத்துக்குள் இருந்தார் என்ற கேள்வி மட்டும் மீதம் இருந்தது. அதைத் தெரிந்துகொள்வது என் வேலை.

பண்ணை மேற்பார்வையாளர் சுனில், மாதம்பைப் பக்கத்துச் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். குளக்கட்டில் தீனி வைக்கும் கொட்டிலில் அவரைச் சந்தித்தேன். வழக்கமான வசனத்தைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

"மிஸ் கம்பனிக்கு. எனக்கு இல்ல. நான் சொன்னா அது கம்பனிட. தெரியும் மிஸ்" என்றார். அது தெரிந்த பிறகும் சொன்னார். "வீல் நிண்டிட்டு எண்டு நான்தான் ஜீஎம்முக்கு கோல் எடுத்தன். மெயினை நிப்பாட்டவா எண்டு கேட்டன். நிப்பாட்டினா மற்ற வீலும் நிண்டிடும், முழுக் குளமும் போயிடும், ஆளை இறக்கி எடு எண்டார். நான் நிலாமைப் போகச் சொன்னன். பாவம் மிஸ், ஒரு கதையும் இல்லாம இறங்கினான்."

அவர் அழுதார். நான் பேனாவை மூடினேன். இதை எனக்குச் சொன்னதால் அவருக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். அந்தப் பாரம் இப்போது என்னிடம் வந்துவிட்டது, அதை நான் வெளியில் இறக்கி வைக்கவும் முடியாது. கம்பனியின் இரகசியத்தைக் காப்பது என் தொழிலின் சத்தியம்.

இரண்டொரு நாளில், சுனில் சொன்ன அந்த ஜீஎம், பொது முகாமையாளர் யோகநாதன், என்னைத் தன் அறைக்கு அழைத்தார். மேசையில் தமிழில் எழுதிய ஒரு பக்கக் கடதாசி இருந்தது. நிலாம் வேலை நேரம் முடிந்த பின், யாருடைய உத்தரவும் இல்லாமல், தன் சொந்தத் தேவைக்காகக் குளத்தில் இறங்கினார். இதை மனைவி ஏற்றுக்கொள்கிறார். கம்பனி இரக்கத்தின் பேரில் உதவி செய்கிறது. இனி எந்த உரிமையும் கோரமாட்டார். இதுதான் அதன் சாரம்.

"வேலை முடிஞ்ச ஒராள் விடியப்புறம் தன்ட தேவைக்கு இறால் குளத்தில ஏன் சேர் இறங்குவார்?" என்று கேட்டேன்.

"அதை வாசிக்கிறவங்க யோசிச்சுக்கொள்ளட்டும்."

இறால் களவெடுக்க இறங்கினான் என்று எழுதவில்லை. ஆனால் வேறு எதையும் யோசிக்க அந்தக் கடதாசி இடம் வைக்கவில்லை. அதற்குள் அந்தக் கதையை அவர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவரின் காதிலும் போட்டிருந்தார். 'விஷயத்தைப் பெரிசாக்காமல் முடிப்போம்' என்று பெருந்தன்மையாகப் பேசியிருக்கிறார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"அந்தப் பொம்பிளை இத்தாவில இருக்கிறா. எங்கட ஆம்பிளைகள் யாரும் போக ஏலாது. நீங்க போகலாம். ஆறுதல் சொல்லுற மாதிரிப் போய்க் கையெழுத்தை வாங்கிட்டு வாங்க, மிஸிஸ் தேவராஜா. இத்தா முடிஞ்சா லோயர், தொழில் கந்தோர் எண்டு வெளிக்கிடுவா."

கணவனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பாள். அந்நிய ஆண்களுக்கு முன் வரமாட்டாள். பெண்கள் போய்ப் பார்த்து, பக்கத்தில் இருந்து, ஆறுதல் சொல்வார்கள். புத்தளத்தில் இதை அறியாதவர்கள் இல்லை. துக்கத்துக்காக ஒரு பெண்ணுக்கு அமைந்த அந்த ஒதுக்கத்தை அவளுடைய கையைக் கட்டப் பயன்படுத்தலாம் என்ற யோசனை யோகநாதனுக்குத்தான் வந்தது. அதற்குப் பெண்ணான என்னை விட வசதியான ஆயுதம் கம்பனியில் இல்லை.

வேலையில் நேர்ந்த மரணத்துக்கான நட்டஈட்டை அதற்குரிய ஆணையாளரிடம் வைப்புச் செய்ய வேண்டும், கைக்குக் காசு கொடுத்து, இனி உரிமை கோரமாட்டேன் என்று எழுதி வாங்குவது செல்லாது என்று சொன்னேன். அவர் சிரித்தார். "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்யாதீங்க. உங்களுக்கு ஏலாட்டி எக்கவுண்ட்ஸில இருக்கிற முஸ்லிம் பிள்ளையை அனுப்புறன். அவ கேள்வி கேக்க மாட்டா."

கடதாசியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். அது என்னிடம் இருக்கும்வரை வேறு ஒருவரும் கொண்டுபோக மாட்டார்கள் அல்லவா.

அன்ரன் சேருக்குத் தொலைபேசி எடுத்தேன். முழுவதையும் கேட்டார். மறுமுனையில் கண்ணாடி மேசையில் வைக்கப்படும் சத்தம் எனக்குக் கேட்டது. "அந்தப் பொய் என்ட பெயரில போகாது" என்றார். நான் காத்திருந்தேன். "உம்மட பெயரில போகுதா இல்லையா எண்டதை நீர்தான் சொல்ல வேணும். அதுக்கு மேல நான் சொன்னா அது உத்தரவாயிடும்." எனக்கு ஆத்திரம் வந்தது. நெருப்புப் பற்றியிருக்கும்போது வாளியைக் காட்டிவிட்டு விலகி நிற்கிறாரே என்று நினைத்தேன். இன்றும் அந்தக் கோபம் முழுதாகத் தீரவில்லை.

பாலாவிக்கு இந்தப் பக்கம், இடம்பெயர்ந்தவர்களின் குடியிருப்பில் இருந்தது நிலாமின் வீடு. முன்னறையில் பெண்கள் பாயில் இருந்தார்கள். உள்ளறைக்குத் திரை போட்டிருந்தது. வாசலடியில் முக்காட்டை முகம்வரை இழுத்துவிட்டு ஒரு மூதாட்டி சுவரில் சாய்ந்திருந்தார். நிலாமின் உம்மா, பெயர் சஹர்பான் என்று யாரோ சொன்னார்கள்.

நிலாமின் மனைவி ஹம்சியா வெள்ளை உடுத்துத் திரைக்குப் பின்னால் இருந்தாள். சின்ன வயது. நான் கம்பனியில் இருந்து வந்திருக்கிறேன் என்றதும் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். "ஒரு பொம்பிளையாவது வந்தீங்களே அக்கா. அவர் போய் இத்தனை நாளைக்கு அங்கயிருந்து ஒருத்தரும் எங்கட முகத்தைப் பார்க்கல்ல" என்றாள். அவளுடைய கை சுட்டது. காய்ச்சலாக இருக்க வேண்டும்.

அந்தக் கையை எடுக்காமலே அந்த வசனத்தைச் சொன்னேன். என் வேலை வாழ்க்கையில் அதைச் சொல்ல நான் பட்ட கஷ்டம் வேறெங்கும் பட்டதில்லை. "தங்கச்சி, நான் கம்பனியின்ட சட்டத்தரணி. உங்கட சட்டத்தரணி இல்ல. நீங்க எனக்குச் சொல்லுறது எல்லாம் கம்பனிக்குப் போகும். இது உங்களுக்கு விளங்கினதா எண்டு நீங்களே ஒருக்கா சொல்லுங்க."

"நீங்க அவங்கட ஆள்" என்றாள். "எங்கட ஆள் இல்ல." கையை எடுத்துக்கொண்டாள்.

அவள் சரியாகச் சொன்னாள். அன்ரன் சேர் கேட்டிருந்தால் திருப்திப்பட்டிருப்பார்.

பிறகு அவளே கேட்டாள். "சரி, அவங்கட ஆளாவே சொல்லுங்க. என்ட மாப்பிள்ளை களவெடுக்கப் போனாரா? பள்ளியில கதைக்கிறாங்களாம். புள்ளையள் மதரஸாவுக்குப் போக வெக்கப்படுதுகள்."

"அதை நான் சொல்ல ஏலாது, தங்கச்சி."

"ஏலாதா? தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் கம்பனிக்கு ஒரு சேதமும் இல்லை. வாய்வரை வந்தது. "ஏலாது" என்றேன்.

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்குள் இருந்ததை விளங்கிக்கொண்டாள் என்று எனக்குத் தெரிந்தது. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து உம்மாவின் குரல் வந்தது. எங்களுடைய பேச்சை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"தொண்ணூறில உடுத்த உடுப்போட வந்த சனம் நாங்க. வீடு, தோணி, வலை, பாத்திரம் பண்டம் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தம். வார வழியில ஒருத்தர்ட தேங்காய் ஒண்டு எங்கட புள்ளையள் எடுக்கல்ல. பசியில கிடந்ததுகள், எடுக்கல்ல. நாலு இறாலுக்காடி என்ட மகன் களவெடுப்பான்?"

திரை இடுக்கில் தெரிந்த பெண்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். அவர்களை விரட்டியவர்கள் என் இனத்தவர்கள், எங்களுக்காகப் போராடுகிறோம் என்று சொன்னவர்கள். அந்த வீட்டில் நான் கம்பனியின் ஆளாக மட்டும் இருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன்.

எதிர்த் தரப்புக்கு நான் சொல்லக்கூடிய ஆலோசனை ஒன்றே ஒன்றுதான், அதைச் சொன்னேன். உங்களுக்கென்று ஒரு சட்டத்தரணியைப் பிடியுங்கள், அவர் பார்க்காமல் எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்காதீர்கள், நான் கொண்டுவந்தாலும் வைக்காதீர்கள் என்றேன். இத்தாவில் இருந்துகொண்டு எப்படி என்று ஹம்சியா கேட்டாள். புத்தளத்தில் பெண் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வீட்டுக்கே வருவார்கள் என்றேன். பையில் இருந்த கடதாசி வெளியில் வரவேயில்லை. நான் எழுந்து போகும்போது யாரும் 'போய்ட்டு வாங்க' என்று சொல்லவில்லை.

காரியாலயத்துக்குப் போய்ப் பணிப்பாளர் சபைக்கு என் ஆலோசனையை எழுதினேன். அதைக் கொழும்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்ரன் சேர் கடைசி வரியிலிருந்து முதல் வரிக்கு வாசித்தார். 'கொடூரமான' என்று நான் எழுதியிருந்த ஒரு சொல்லைப் பென்சிலால் வெட்டினார். "கோபம் எடுபடாது. பயம் எடுபடும்" என்றார். பிறகு மேசை இலாச்சியைத் திறந்து பேனாவைத் தேடி எடுத்து, என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தை மையால் வைத்தார். அவர் மையால் எழுதி நான் கண்டது அன்றுதான்.

சபையில் யோகநாதன் மறுபடியும் உண்ட வீடு, ரெண்டகம் என்றார். "நான் உண்ட வீடு கம்பனி, சேர். நீங்களும் அதே வீட்டில உண்ணுற ஒராள்தான்" என்றேன்.

சபைத் தலைவர் ஒரு கேள்விதான் கேட்டார். "விசாரணையில சுனிலைக் கூப்பிட்டுக் கேட்டா என்ன சொல்லுவான்?"

"நடந்ததைச் சொல்லுவார், சேர். அதோட இந்தக் கடதாசியும் வெளியில வந்தால், விபத்து எண்டு முடியவேண்டியது மோசடி எண்டு முடியும்."

பிறகு, மரணம் கடமையின்போது நேர்ந்தது என்று கம்பனி ஏற்றுக்கொள்வதாகவும், சட்டப்படி செய்யவேண்டியதைச் செய்வதாகவும் தீர்மானித்தார்கள். குளத்தில் ஆள் இறங்குமுன் மின்சாரத்தை நிறுத்தவேண்டும், இறால் செத்தாலும் சரி என்று ஒரு விதியும் போட்டார்கள். நியாயத்துக்காகச் செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன், பயந்து செய்தார்கள். கம்பனிக்குள் இருக்கும் சட்டத்தரணிக்குக் கிடைக்கும் கருவி பெரும்பாலும் அந்தப் பயம்தான். அதைச் சரியான பக்கம் திருப்பிவிட்டால் நியாயம் செய்யும் வேலையை அதுவும் செய்துவிடும். எனக்கு அதற்குப் பிறகு பதவி உயர்வு வரவில்லை. யோகநாதன் என்னிடம் கடதாசிகளை மற்றவர்கள் மூலமே அனுப்பினார். மாமாவின் பகிடியும் நிற்கவில்லை.

நட்டஈட்டு விசாரணை இத்தா முடிந்த பிறகு புத்தளத்தில் ஓர் அரச அலுவலகத்தின் மேல்மாடியில் நடந்தது. ஹம்சியா கறுப்பு அபாயாவில், தன் பெண் சட்டத்தரணியோடு வந்திருந்தாள். பிள்ளைகளும் உம்மாவும் பின் வாங்கில் இருந்தார்கள். கம்பனியின் சார்பில் நானும், பிரதிநிதியாக யோகநாதனும் போயிருந்தோம். விசாரணை செய்த அதிகாரி சிங்களத்தில் கேட்டார். நான் எழுந்து, சபை ஒத்துக்கொண்ட வசனத்தை ஒரு சொல் கூடாமல் குறையாமல் சிங்களத்தில் வாசித்தேன். இறந்தவர் தமது கடமையின்போதும் கடமையின் காரணமாகவும் மரணமடைந்தார் என்பதைக் கம்பனி ஏற்றுக்கொள்கிறது. அதிகாரி எழுதிக்கொண்டார். எல்லாம் சுருக்கமாக முடிந்துவிட்டது.

வெளியே வரும்போது உம்மாவுக்கு ஒன்றும் விளங்கியிருக்கவில்லை. ஹம்சியாவின் சட்டத்தரணி அவருக்குத் தமிழில் சொன்னார். உம்மா தலையை அசைத்து மறுத்தார். "நீ எங்கட ஆள், மகள். நீ அப்பிடித்தான் சொல்லுவாய்" என்றார். ஹம்சியாவும் அதையே சொன்னாள். "நீ அவன்ட பொண்டாட்டி" என்றார். பிறகு கையை நீட்டி, மாடிப்படியில் இறங்கப்போன என் சேலைத் தலைப்பைப் பிடித்தார்.

"நீ ஆருட ஆள்?"

யோகநாதன் பக்கத்தில் நின்றார். "நான் கம்பனியின்ட ஆள், உம்மா" என்றேன்.

"அப்ப நீ சொல்லு. பள்ளியில கதைச்ச ஆக்களும் நீ சொன்னா நம்புவாங்க. என்ட மகன் கள்ளனா?"

சபை எனக்குத் தந்த வசனத்தில் அந்தச் சொல் இல்லை. கடமையின்போது, கடமையின் காரணமாக என்பதோடு என் அதிகாரம் முடிந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு சொல் சொல்வதென்றாலும் நான் கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும். அப்படித்தான் நான் வளர்க்கப்பட்டேன், அப்படித்தான் வேலை செய்தேன். யோகநாதன் என்னைப் பார்த்த பார்வையும் அதையே சொன்னது. படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த சனம் நின்று பார்க்கத் தொடங்கியது.

"உங்கட மகன் கள்ளன் இல்ல, உம்மா" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "அவரை வேலைக்கு இறக்கினது நாங்கள். கம்பனி சொல்லுது."